சிவப்பு மார்புக் குருவியும் நம் வீட்டு வாழ்த்து அட்டையும்

கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் கடைகளில் தொங்கும் வாழ்த்து அட்டைகளில் ஒரு சிறு குருவியை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். உருண்டை உடல், குச்சி போன்ற கால்கள், மார்பு முழுவதும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பனி மூடிய வேலிக்கம்பின்மீது அது அமர்ந்திருக்கும். சில அட்டைகளில் அலகில் ஒரு கடிதத்தையும் கவ்வியிருக்கும். நாஞ்சில் நாட்டு வயல்வரப்பிலோ, தென்னந்தோப்பிலோ, வேளிமலைச் சாரலிலோ இக்குருவியை எவரும் கண்டதில்லை. எனினும், தலைமுறை தலைமுறையாக அது நம் இல்லங்களுக்கு வந்து, கண்ணாடி அலமாரியில் இடம்பெற்று, விழா முடிந்தபின் பழைய தாள்களோடு வெளியேறுகிறது. எதற்காக வந்தது என்று நாம் கேட்டதில்லை.

ராபின் எனப்படும் அந்த ஐரோப்பியக் குருவி அட்டைக்குள் புகுந்த கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்து அஞ்சற்காரர்கள் சிவப்பு மேற்சட்டை அணிந்து கடிதங்களைக் கொண்டுவந்தனர். மக்கள் அவர்களுக்கு ‘ராபின்’ என்று செல்லப்பெயர் சூட்டினர். ஓவியர்கள் அந்தச் செல்லப்பெயரைப் பிடித்துக்கொண்டு, அஞ்சற்காரருக்குப் பதிலாகக் குருவியையே வரைந்து, அதன் அலகில் கடிதத்தையும் வைத்துவிட்டனர். அக்குருவியைச் சுற்றிப் பக்திக் கதைகளும் உண்டு; ஆயினும், கடிதம் கவ்விய குருவி ஒரு தெருவின் வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்த நகைச்சித்திரமே. அத்தெருவில் வாழ்ந்தவர்க்கு அது உடனே விளங்கிற்று. நமக்கோ அது வெறும் குருவி.

நம் தெருவில் பிறக்கக்கூடிய நகைச்சித்திரம் எது? 1956 நவம்பர் முதல் நாள்வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அத்திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே தனித் தபால் துறை இருந்து, 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி, மணியொலி கேட்டு வழிவிடுவோரைக் கடந்து, ஓடியே கடிதங்களைச் சேர்ப்பித்த அஞ்சல் ஓட்டக்காரர்களை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வோட்டக்காரரை நம் வாழ்த்து அட்டையில் ஏன் காணோம்? பறவைதான் வேண்டுமெனில், காக்கிச் சட்டை அஞ்சற்காரருக்குத் தவிட்டுக்குருவி மிகப் பொருந்தும். நிறமும் அதுவே, வீட்டுக்கு வீடு தத்திச் செல்லும் நடையும் அதுவே. ஓய்வு பெற்ற அஞ்சற்காரர் ஒருவருக்கு நான் அவ்வாறு வரைந்தனுப்பினேன். குருவியின் கழுத்தில் தொங்கும் பை இன்னும் பெரிதாக இருந்திருக்கவேண்டும் என்பது அவர் தெரிவித்த ஒரே குறை.

வாழ்த்து அட்டையின் தொடக்கமே ஒரு நண்பரின் நெருக்கடியிலிருந்து வந்தது என்பர். 1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், விழாக்காலத்தில் தமக்கு வந்து குவியும் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாய் மறுமொழி எழுத இயலாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஓர் அட்டை வரைந்து தருமாறு வேண்டினார். ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை 1840இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அம்முறையை நிறுவ உழைத்தவர்களுள் கோலும் ஒருவர். ஹார்ஸ்லி வரைந்த அட்டையின் நடுவில் மூன்று தலைமுறையினர் கூடி உண்டு பருகுகின்றனர்; இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். ஏறத்தாழ 1000 பிரதிகள் அச்சாகி, கையால் வண்ணந்தீட்டப்பட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. கடிதம் கொண்டுசெல்லும் கூலியைப்போல் பன்னிரண்டு மடங்கு விலை! படத்தில் ஒரு சிறுகுழந்தைக்கும் திராட்சை இரசம் புகட்டுவதுபோல் வரைந்திருந்தமையால் மதுவிலக்கு அன்பர்கள் சினங்கொண்டனர். உலகின் முதல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை கண்டனத்துக்கு உள்ளானது என்பது, படம் வரைந்து திட்டு வாங்கும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதலாகலாம்.

அதே 1843 டிசம்பரில்தான் சார்லஸ் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதையும் வெளிவந்தது. அக்காலத்து இங்கிலாந்தின் பனியும் குளிரும் கதையிலும் படத்திலும் ஏறி, கடல் கடந்து, நம் அட்டைகளிலும் படிந்துவிட்டன. பனியைக் கண்டிராத நம் குழந்தைகள் பஞ்சைப் பிய்த்துச் சவுக்குக் கிளைமீது ஒட்டுகின்றனர். ஒட்டட்டும், குழந்தைகளின் மகிழ்ச்சியில் குறை காண்பது நம் வேலையன்று. ஆனால், சொந்தக் கையால் அட்டை வரைய அமர்பவர் சன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்ப்பது நலம். டிசம்பரில் நாஞ்சில் நாட்டு வயல்கள் கும்பப்பூப் பயிரால் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் தூறுகிறது. மூங்கிற் சிம்புகளால் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரங்கள் வாசலில் நனையாதிருக்கத் தாழ்வாரத்துக்குள் இழுத்துக் கட்டப்படுகின்றன. அடுக்களையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தயாராகின்றன. நம் மாவட்டத்தில் வெண்ணிற மலையை வரையவேண்டுமெனில் புத்தளம் உப்பளத்து உப்புக்குவியலைத்தான் வரையவேண்டும். அதையும் மழைக்காலத்தில் ஓலையிட்டு மூடிய கோலத்தில்!

சொந்த மண்ணின் கோலத்தில் திருக்குடும்பத்தை வரைவது பக்திக்கு இழுக்கு என்று எண்ணியோர் இருந்தனர். கோவாவில் 1902இல் பிறந்த ஆஞ்சலோ ட ஃபொன்சேகா என்ற ஓவியர், சாந்திநிகேதனில் பயின்று திரும்பி, அன்னை மரியாவைச் சேலையணிந்த இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். சொந்த ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது. அவர் புனே சென்று வாழ்ந்து, 1967இல் மறைந்தார். அவர் பட்ட துன்பம் வீண்போகவில்லை. இன்று நம் பங்குகளின் குடில்களில் ஓலைக்கூரையும், மண்பானையும், நம் ஊர் மாடும் இயல்பாக இடம்பெறுகின்றன. குடிலில் நேர்ந்த இம்மாற்றம் அட்டையில் மட்டும் இன்னும் நேரவில்லை என்பதே வியப்பு.

தமிழகத்துக்கென ஒரு வாழ்த்து அட்டை மரபு இருந்ததை மறத்தலாகாது. பொங்கல் வாழ்த்து அட்டைகள்தாம் அவை. ஜனவரி பிறந்ததும் பெட்டிக்கடை முகப்பில் கயிறு கட்டி, சலவைக்குப் போட்ட துணிகளைப்போல் அட்டைகளைத் தொங்கவிடுவர். கரும்பும் காளையும், திரைநடிகரும் தலைவரும், சிவகாசி அச்சகங்களின் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் நின்றனர். உறையை ஒட்டாமல் மடித்துவைத்து ‘புக் போஸ்ட்’ என்றெழுதினால் கட்டணம் குறையும் என்பது சிறுவர்க்கும் தெரிந்திருந்தது. எந்த நண்பனுக்கு எந்த நடிகரின் அட்டை என்று தேர்ந்தெடுப்பதில் ஒரு முழு மாலைப்பொழுது கழியும். 2000ஆம் ஆண்டுக்குப் பின், கைப்பேசிக் குறுஞ்செய்தியும் அதையடுத்து வாட்ஸ்அப்பும் பரவ, அக்கயிறுகள் அவிழ்ந்தன. இப்போது விழா நாளில் ஒருவருக்கு நூறு படங்கள் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எவரோ எவருக்கோ அனுப்பியவை. கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்தவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வளைகுடா நாட்டிலிருக்கும் மகனின் குரலை அன்றே கேட்க முடிகிறதே, அது பெரிய பேறு. ஆயினும், அந்நூறு படங்களுள் ஒன்றேனும் இன்னாருக்கென்று வரையப்பட்டதா என்று பாருங்கள்.

வீட்டில் வரையும் அட்டையின் சிறப்பு அதுதான். ஓவியத் திறமை அதில் இரண்டாம் இடமே பெறும். அத்தையின் மூக்குக்கண்ணாடி, மாமாவின் துருப்பிடித்த மிதிவண்டி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோழி ஆகியவற்றை எந்த அச்சகமும் அச்சிட்டுத் தராது.

வரைய விரும்புவோர்க்குச் சில செய்முறைக் குறிப்புகள் பயன்படும். சற்றுத் தடித்த, வழவழப்பில்லாத வெள்ளைத்தாளே நல்லது. தாளுக்கு இழையோடும் திசை உண்டு. இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எளிதில் வளையும் பக்கம் தெரியும். அத்திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. கரண்டியின் முதுகால் மடிப்பை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பென்சிலால் இலேசாக வரைந்து, அதன்மேல் இந்தியன் இங்க் எனும் கறுப்பு மையால் கோடிடவேண்டும். அம்மை உலர்ந்தபின் நீர்பட்டுக் கரையாது. ஆகையால் அதன்மீது நீர்வண்ணம் பூசலாம். பேனா மையோ ஈரம் பட்டதும் பரவிப் பாலன் இயேசுவின் முகத்தையே நீலமாக்கிவிடும். மழைக்காலமாதலால் மை உலர நேரமாகும். அட்டைகளைக் கயிற்றில் துணிக்கவ்வியிட்டுத் தொங்கவிட்டு, மறுநாள் வண்ணம் பூசுவதே முறை. அவசரக்காரர்க்கு இக்கலை உதவாது.

வரையவே வராது என்போர் அச்சிடலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐம்முனை நட்சத்திரம் கிடைக்கும். வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் ஒரு வானத்தையே நிரப்பலாம். வாழைமட்டையின் குறுக்கு வெட்டு, வலை பின்னியதுபோல் பதியும். கடற்கரை ஊரார்க்கு அதுவே மீன்வலையாகும். பழைய எக்ஸ்ரே படலத்தில் உருவை வெட்டியெடுத்துத் தாள்மீது வைத்து, பல் துலக்கும் பழைய பிரஷை வண்ணத்தில் தோய்த்துச் சீப்பின்மேல் தேய்த்தால், தூறல்போல் வண்ணம் தெறித்து உரு வெண்மையாய் நிற்கும். குமரிமுனையில் விற்கும் வண்ண மணலைப் பசையிட்டுத் தூவுவோரும் உண்டு. அம்மணலில் சிவப்பைத் தருவது கார்னெட், கறுப்பைத் தருவது இல்மனைட். மணலை அள்ளி வருவதைவிட, அந்நிறங்களைப் பார்த்து வண்ணம் கலப்பதே எனக்கு உகந்தது.

தாளும் வண்ணமும் இல்லை என்பது பெருந்தடையன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் செக்கோஸ்லோவாக்கியாவின் சிற்றூர் ஒன்றில் யூனிசெஃப் நிறுவனம் குழந்தைகளுக்குப் பால் வழங்கியது. ஜித்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, நன்றி கூற ஒரு படம் வரைய எண்ணினாள். தாள் இல்லை, கண்ணாடித் துண்டின்மீது தீட்டினாள். கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஆடும் அப்படமே 1949இல் யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. அதன்பின் உலகெங்கும் விற்ற அந்நிறுவனத்து அட்டைகளின் வருவாய் எத்தனையோ குழந்தைகளுக்குப் பாலும் மருந்துமாயிற்று. நம் வீட்டிலும் நாட்காட்டியின் பின்புறம் வெள்ளையாகத்தானே இருக்கிறது!

இனி நகைச்சுவைக்கு வருவோம். இதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். கேலிச்சித்திரம் வேறு, நகைச்சித்திரம் வேறு என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே கை வரையக்கூடும் என்பதற்குத் தாமஸ் நாஸ்ட் சான்று. ஜெர்மனியில் 1840இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், 1863 ஜனவரி 3ஆம் தேதியிட்ட ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில், உள்நாட்டுப் போரில் வீட்டைப் பிரிந்திருந்த வீரர்களுக்குப் பரிசுகளை வழங்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைந்தார். பின்னும் இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் வரைந்த படங்களே, பருத்த வயிறும் வெண்தாடியுமாக நாம் இன்று அறிந்த தாத்தாவின் உருவை நிலைநாட்டின. அதே நாஸ்ட், அதே இதழில், 1871 செப்டம்பரில் ‘அமெரிக்கக் கங்கை நதி’ என்றொரு படம் வரைந்தார். ஆயர்கள் அணியும் தலைச்சீராக்கள் முதலைகளின் பிளந்த வாயாக மாற, அம்முதலைகள் கரையேறிப் பள்ளிக்குழந்தைகளை விழுங்க வருகின்றன. ஏழைகளாய் வந்து குடியேறிய கத்தோலிக்கர்மீது அவருக்கிருந்த வெறுப்பு அப்படத்தில் கொப்பளிக்கிறது. தாத்தாவின் மூலவராகிய புனித நிக்கொலாஸ் மீரா நகரின் ஆயர் என்பதை நாஸ்ட் அறியாதிருந்திருப்பாரா? ஆயரின் உடையைக் களைந்து தாத்தாவாக்கிக் கொஞ்சிய கை, ஆயர்களை முதலைகளாக்கி ஏசியது. கோட்டின் அழகில் இரண்டு படங்களுக்கும் வேறுபாடில்லை என்பதே அச்சுறுத்துகிறது.

நாஞ்சில் நாட்டுக்குச் சிரிப்பு புதிதன்று. தேரூர்க் கவிமணி, சொத்து மருமக்களுக்கே சேரும் வழக்கத்தால் குடும்பங்கள் பட்ட அவலத்தை ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று நகைச்சுவை நூலாகவே பாடினார். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சிரிக்கவைத்தே சிந்திக்கவைத்தவர் என்று பெயர் பெற்றார். அவர் படங்களில் நாம் சிரிக்கும்போது, பெரும்பாலும் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். வீட்டு அட்டை வரைபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. படத்தில் எவரேனும் வழுக்கி விழவேண்டுமெனில் வரைந்தவரே விழட்டும். அத்தானின் வழுக்கைத்தலையை வரைய ஆசை எழும். அத்தான் அதைத் தாமே பேசிச் சிரிப்பவரா, தொப்பியால் மறைப்பவரா என்று முதலில் எண்ணிப்பாருங்கள். தங்கையின் நிறம், மருமகளின் பருமன், பிள்ளையில்லா வீடு, வேலை கிடைக்காத இளைஞன் ஆகியவை நகைக்கு உரியனவல்ல. அட்டை அலமாரியில் நிற்கும். வருவோர் போவோரெல்லாம் பார்ப்பர். வாயால் சொன்ன கேலியைப்போல் அது காற்றோடு போகாது.

நகைக்கு உரியவையோ நம்மைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கின்றன. பாடற்குழுவோடு வீடுவீடாய் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா, முகமூடிக்குள் வியர்த்து, வயிற்றில் கட்டிய தலையணை நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஆடுவார். மூன்று ஞானிகள் வடசேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கி நட்சத்திரத்தைத் தேடினால், எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கும், எவ்வீட்டுக்குச் செல்வது? டிசம்பரில் கன்னியாகுமரியின் விடுதிகள் அனைத்தும் ஐயப்ப பக்தர்களாலும் சுற்றுலா வந்தோராலும் நிரம்பி வழிகின்றன. அங்கே சூசையப்பர் வந்து இடம் கேட்பதாக வரையலாம். ஆனால், அப்படத்தில் சூசையப்பரும் மரியன்னையும் நகைக்கு உள்ளாகக் கூடாது; பெரிய சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு கையை விரிக்கும் மேலாளரைப் பார்த்தே சிரிப்பு வரவேண்டும். முகத்துக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போதும். புருவத்தின் சாய்வை மாற்றினால் சினமும் வியப்பும் அசடும் தாமே வந்துவிடும். எழுத்தே இல்லாமல் நம்மைச் சிரிக்கவைத்த ஓவியர் கோபுலுவின் பழைய விகடன் படங்கள் கிடைத்தால், புருவங்களை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள்.

சிரிப்பு நுழையக்கூடாத வீடுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. விழா முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களை ஆழிப்பேரலை அழித்தது. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் கடலில் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர், பலர் திரும்பவில்லை. அவ்வாண்டு கடற்கரைப் பங்குகளில் கொண்டாட்டமின்றியே விழா கடந்தது. உடலும் கிடைக்காத நிலையில் காத்திருந்த அவ்வீடுகளுக்கு எந்த அட்டையை அனுப்புவது? மணியும் மலரும் அச்சிட்ட ‘இனிய வாழ்த்துகள்’ அங்கே சென்றால் அதைவிடக் கொடுமை வேறில்லை. எதுவும் அனுப்பாது விடுவதோ, அவ்வீட்டை நம் முகவரிக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுவதுபோலாகும்.

அவ்வாண்டு நான் அத்தகைய இல்லங்களுக்கு முட்டம் கலங்கரை விளக்கத்தை வரைந்தேன். கறுப்பு மை மட்டும், வண்ணமில்லை. கரையில் ஒரு வள்ளம், மேலே ஒரு நட்சத்திரம். உள்ளே அச்சுவாசகமேதும் இன்றி, இறந்தவர் நம் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாளைப் பற்றி இரண்டு வரிகள். அவர் பெயரை எழுதத் தயங்கவேண்டியதில்லை. பிறர் வாயால் அப்பெயரைக் கேட்க ஏங்குவோர்தாம் அவ்வீடுகளில் இருக்கின்றனர். நாமோ அவர்கள் அழுவார்களென்று அஞ்சிப் பெயரை விழுங்கிவிடுகிறோம்.

முதலாண்டில் எல்லாரும் வருவர். குருக்கள், உறவினர், அரசு அலுவலர், செய்தியாளர். இரண்டாம் ஆண்டு விழாவுக்குள் உலகம் வேறு செய்திக்குச் சென்றுவிடும். அஞ்சற்காரர் அவ்வாசலைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போவார். எனவே, நவம்பர் பிறந்ததும் குறிப்பேட்டைப் பிரிக்கும்போது, கடந்த ஆண்டு துக்கம் நேர்ந்த வீடுகளுக்கே முதலில் வரைகிறேன். இரண்டாம் ஆண்டின் அட்டையில் சிறிது பச்சை சேர்க்கலாம், வயலோ, தென்னங்கன்றோ. அங்கே குழந்தை இருந்தால், அதற்கெனத் தனியே ஒரு சிறு அட்டையில் தவிட்டுக்குருவியையும் வரையலாம், குழந்தை சிரிக்கும், தாய்க்கு அது பாரமாகாது.

உறையின்மேல் எழுதும் முகவரியிலும் ஒரு செய்தி இருக்கிறது. அதுவரை கணவர் பெயரையிட்டு ‘குடும்பத்தார்க்கு’ என்று எழுதி வந்திருப்போம். இப்போது அத்தாயின் பெயரையே எழுதவேண்டும். சில வேளைகளில் அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. அன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே அழைத்திருப்போம். பங்குப் பணியாளரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்டறிந்து, எழுத்துப் பிழையின்றி முழுப்பெயரை எழுதி, மை உலர்ந்தபின் அஞ்சலில் சேருங்கள்.